எரிகிற தீயில் விளக்கெண்ணெய்

சென்ற தை மாதம் ஆத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்த பெரியப்பா, ரசம் வரக் காத்திருந்த இடைவெளியில், "இத்தனை வருஷம் படித்து இப்போது என்ன வேலைதான் பார்க்கிறாய் கண்ணு?" என்று கேட்டார். ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார், நானும் ஏதோ சொல்லி மழுப்புவேன். இந்த முறை உள்ளதைச் சொல்லிப் பார்ப்போம் என்று, "விளக்கெண்ணெயிலிருந்து எளிதில் தீப்பிடிக்காத ஃபோம் செய்கிறோம் பெரியப்பா" என்றேன். பிசைந்த சோற்றில் கை அப்படியே நிற்க என்னை ஒரு பார்வை பார்த்தார். "எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கிற வேலை என்று சொல்!" எதிர்வரிசை வரைக்கும் சிரிப்பு போனது.

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் மோர் வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இது. பந்தியில் சொல்ல முடியாத நீளம்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கின்றன. ஆமணக்கு எண்ணெய் ஒன்றுதான் புகுந்த வீட்டுப் பெயரை வாங்கிக்கொண்டது. விளக்கில் எரிவதற்கென்றே பெயர் வைக்கப்பட்ட எண்ணெய் அது. அதைக் கொண்டுபோய்த் தீயை மட்டுப்படுத்தும் வேலையில் உட்காரவைப்பது பெரியப்பாவுக்கு வேடிக்கையாகப் பட்டதில் தப்பே இல்லை.

எங்கள் ஊர் மானாவாரி பூமி. நிலக்கடலைக் காட்டின் வரப்போரம் ஆமணக்கு நிற்கும். அதற்கென்று யாரும் தனியாக நிலம் ஒதுக்கியதாக நினைவில்லை. காயை வெயிலில் காயப்போட்டால் படீர் படீரென்று வெடித்து முத்து தெறிக்கும். அப்பாவைப் பெற்ற பாட்டியை நாங்கள் ஆயா என்போம். ஆயா அந்த முத்துகளைப் பொறுக்கி, இரும்பு வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, உரலில் போட்டு இடிப்பார். இடித்த விழுதில் நிறைய தண்ணீர் விட்டு வாசல் அடுப்பில் கொதிக்கவைப்பார். மதியத்துக்கு மேல் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதை அகப்பையால் மெல்ல வழித்து இன்னொரு சட்டியில் சேர்த்து, மறுபடி அடுப்பேற்றுவார். அப்போது மட்டும் எங்களைக் கிட்டே விடமாட்டார். எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வந்த தண்ணீர் சடசடவென்று பொரியும். சத்தம் அடங்கினால் எண்ணெய் பதமாகிவிட்டது என்று கணக்கு. பிற்காலத்தில் எண்ணெயில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க விலை உயர்ந்த கருவி ஒன்றின் முன்னால் நான் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஆயா காதாலேயே பார்த்துவிடுவார்.

சக்கையை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார். அது தென்னைக்குத்தான் போகும். ஆமணக்கு முத்தில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, அது எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்தபோது எனக்கு இருபது வயது.

மாலையில் அந்த எண்ணெயில் விளக்கு எரியும். விளக்கை ஏற்றியதும் ஆயா எரிகிற தீக்குச்சியை எண்ணெய்க் கிண்ணத்திலேயே முக்கி அணைப்பார். கிண்ணம் முழுக்கப் பற்றிக்கொள்ளப் போகிறது என்று பயந்து நான் நிலைக்கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், குச்சி செத்துவிடும். சற்று நேரம் கழித்துச் சுடர் சிறுத்து மங்கும். பார்த்தால் திரி நுனியில் கருப்பாக ஒரு மொட்டு கட்டியிருக்கும். தூண்டுகோலால் அதைத் தட்டிவிட்டால் சுடர் மறுபடி எழும்பும். என் ஆராய்ச்சி மொத்தமும் அந்தக் கிண்ணத்திலும் அந்தக் கரி மொட்டிலும் அடக்கம் என்று சொன்னால் என் வழிகாட்டி கோபித்துக்கொள்வார். ஆனாலும் அடக்கம்தான்.

எண்ணெய் எண்ணெயாக இருக்கும்வரை எரியாது. சூடேறி, ஆவியாகி, அந்த ஆவி காற்றோடு கலந்தால்தான் எரியும். விளக்கெண்ணெய் பற்றிக்கொள்கிற அளவுக்கு ஆவி விட ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒற்றைத் தீக்குச்சியால் ஒரு கிண்ணம் எண்ணெயை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. திரியால் முடியும், அது துளித்துளியாக உறிஞ்சித் துளித்துளியாகச் சூடாக்குகிறது. விறகும் துணியும் மெத்தையும் எரிவது இப்படித்தான். வெப்பம் பொருளை உடைத்து ஆவி தருகிறது, ஆவி எரிந்து மேலும் வெப்பம் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் தீ பட்டினி கிடக்கும். திரி நுனிக் கரி அதைத்தான் செய்கிறது: தான் ஆவியாகாது, அடியில் இருப்பதையும் மூடிக்கொள்ளும். தடித்த புளியங்கட்டையை அடுப்பில் வைத்தால் வெளியே கருகி உள்ளே கட்டையாகவே மிஞ்சுவதும் இந்தக் கரியின் தயவால்தான்.

பாலியூரித்தேன் ஃபோமுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்டுபிடித்த வேதியியலின் வாரிசு அது. சோபா, கார் இருக்கை, மெத்தையில் மென்மையாக இருப்பதும், ஃபிரிட்ஜ் சுவருக்குள்ளும் குளிர்பதனக் கிடங்குப் பலகைக்குள்ளும் மஞ்சளாக, விறைப்பாக இருப்பதும் அதுவே. பெரும்பகுதி காற்று; மிச்சமிருக்கும் கொஞ்சப் பொருளும் வலைபோல விரிந்து கிடப்பதால் நெருப்புக்குப் பரிமாறி வைத்த இலை. நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தெருவில் சோபா தைக்கிற கடை ஒன்று எரிந்தது. பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் பொறி ஒன்று அடுக்கி வைத்திருந்த ஃபோம் தகடுகளில் விழுந்துவிட்டது. குடம் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் குழாயடியிலிருந்து திரும்புவதற்குள் கடை முடிந்துபோயிருந்தது. உருகி ஒழுகிய துளிகள் எரிந்துகொண்டே கீழே விழுந்து, விழுந்த இடத்தையும் பற்றவைத்ததைப் பார்த்தேன். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தக் கருப்புப் புகையில் இரண்டு மூச்சு இழுத்தவர் ஒருவர் திண்ணையில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான், எழுந்திருக்க வெகு நேரம் ஆனது. ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியில் மேடைவாணப் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள்.

ஆகவே ஃபோமில் ஏதாவது சேர்த்தாக வேண்டும். தீத்தடுப்பான் என்கிறோம், பெயர் கொஞ்சம் பெரிய பெயர், உண்மையில் அது தீயைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் நாடகக் கொட்டகைகளை எரித்துக்கொண்டிருந்த காலத்தில், பிரான்சின் பதினெட்டாம் லூயி மன்னர் திரைச்சீலைகளைக் காப்பாற்ற வழி கேட்க, 1821இல் வேதியியலாளர் கே-லுசாக் அம்மோனியம் பாஸ்பேட்டையும் போராக்ஸையும் சிபாரிசு செய்தார். அந்த இடத்திலேயே உலகம் நின்றிருந்தால் பாதித் தொல்லை இல்லை. இருபதாம் நூற்றாண்டில் மலிவாகவும் வலுவாகவும் புரோமின் வந்தது. அது கரியை எல்லாம் நம்புவதில்லை. சுடருக்குள்ளேயே புகுந்து, எரிதலை நடத்துகிற துடிப்பான அணுத்துண்டுகளைப் பிடித்து அடக்கிவிடும். வேலையில் கெட்டிக்காரன், குணத்தில்தான் கோளாறு.

1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததை எத்தனை முறை படித்தாலும் நம்பச் சிரமமாக இருக்கிறது. ஒரே ஆலை மாட்டுத்தீவனத்தில் சேர்க்கும் மெக்னீசியம் ஆக்சைடும் தயாரித்தது, புரோமின் தீத்தடுப்பானும் தயாரித்தது. ஒன்றின் பெயர் நியூட்ரிமாஸ்டர், மற்றதன் பெயர் ஃபயர்மாஸ்டர். மூட்டை மாறிப் போய்விட்டது. தீத்தடுப்பானைத் தின்ற மாடுகளுக்குப் பால் வற்றியது, குளம்பு கோணிக்கொண்டு வளர்ந்தது. காரணம் கண்டுபிடிக்கவே மாதக் கணக்கானது. கடைசியில் ஏறத்தாழ 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் அழிக்கவேண்டி வந்தது. அதற்குள் அந்தப் பாலையும் இறைச்சியையும் முட்டையையும் ஊரே சாப்பிட்டு முடித்திருந்தது.

அடுத்தது குழந்தைகளின் இரவு உடை. அமெரிக்காவில் அந்தத் துணிகளில் டிரிஸ் என்ற புரோமின் சேர்ந்த பாஸ்பேட்டை ஏற்றியிருந்தார்கள். ஆர்லீன் ப்ளம் என்ற வேதியியலாளரும் புரூஸ் ஏம்ஸ் என்ற உயிர்வேதியியலாளரும் 1977 ஜனவரியில் அது மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று எழுதினார்கள். ஏப்ரலில் தடை வந்தது. (அடுத்த ஆண்டே ப்ளம் பெண்கள் மட்டுமே அடங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கி அன்னபூர்ணா சிகரத்துக்குப் போனார். மலை ஏறுகிறவருக்கு ஆலைகளோடு மல்லுக்கட்டுவது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது.) பிறகு சோபாக்களிலும் மின்சாதனங்களிலும் சேர்த்த புரோமின் சேர்மங்கள் வீட்டுத் தூசியில் தென்பட்டன. ஸ்வீடனில் 1972 முதல் 1997 வரை சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, அதில் அவற்றின் அளவு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டித்திருந்தது. எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இலும் 2017இலும் அவற்றில் முக்கியமானவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2018இல் விதி போட்டது.

ஏன் தூசிக்கு வந்தது? சேலம் பக்கத்தில் பிறந்த எனக்கு இதைப் புடவையில் சொல்வதுதான் எளிது. சரிகையை நூலோடு நூலாக நெய்தால் புடவை கிழியும்வரை அது அங்கேயே இருக்கும். சம்கியை ஒட்டினால் நாலு துவைப்பில் உதிரும், உதிர்ந்தது குழந்தையின் கன்னத்தில் மின்னும். அந்தத் தீத்தடுப்பான்களில் பெரும்பாலானவை சம்கி. ஃபோமோடு கலந்து வைத்திருந்தார்களே தவிர வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வந்தன.

விளக்கெண்ணெய்க்கு இங்கேதான் நுழைவுச்சீட்டு. ஃபோம் செய்ய இரண்டு சரக்கு வேண்டும், ஒன்று ஐசோசயனேட், இன்னொன்று பாலியால். பாலியால் என்பது கைகள் உள்ள மூலக்கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஹைட்ராக்சில் கைகளை ஐசோசயனேட் வந்து பிடித்துக்கொள்ள, வலை பின்னப்படும். எந்தத் தாவர எண்ணெயை எடுத்தாலும் கிளிசரால் என்ற சிறு கொம்பில் மூன்று நீண்ட வால்கள் தொங்கும். பெரும்பாலான எண்ணெய்களில் அந்த வால்களுக்குக் கையே கிடையாது. ஆமணக்கு எண்ணெயின் வால்களில் பத்துக்கு எட்டரை, ஒன்பது ரிசினோலிக் அமிலம். பதினெட்டுக் கார்பன் நீளம். ஒன்பதாவது இடத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு. பன்னிரண்டாவது இடத்தில், இயற்கையே செய்து அனுப்பிய ஒரு ஹைட்ராக்சில் கை. விளக்கெண்ணெய் அத்தனை பிசுபிசுப்பாக இருப்பதும் இந்தக் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான்.

கை, வலையில் கோத்துக்கொள்ளப் பயன்படும். இரட்டைப் பிணைப்பு, தீயை மட்டுப்படுத்துகிற பாஸ்பரஸைக் குடியேற்றப் பயன்படும். ஒரே வாலில் இரண்டும் இருப்பது அபூர்வம். சோயா எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு இன்னும் அதிகம், கை இல்லை. ஆளி விதை எண்ணெயும் அப்படியே. தேங்காய் எண்ணெயில் இரண்டுமே இல்லாத குறை. தலைக்குத் தேய்த்துக்கொள்ளலாம், இந்த வேலைக்கு ஆகாது.

நாங்கள் செய்த முறை பலரும் செய்வதுதான். முதலில் எண்ணெயோடு கிளிசராலைச் சேர்த்துச் சூடாக்கிக் கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவோம். பிறகு ஃபார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும். ஃபார்மிக் அமிலம் கட்டெறும்பு கொட்டும்போது விடுகிற சங்கதி. புட்டியைத் திறந்தாலே மூக்கில் எறும்பு கடிக்கும். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பின் மேலும் ஓர் ஆக்சிஜனைக் கொண்டுபோய் உட்காரவைக்கும். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன், மூன்றுமாக ஒரு குட்டி முக்கோண வளையம். அதற்கு எபாக்சைடு என்று பெயர். வளைத்துக் கட்டிய மூங்கில் மாதிரி, எப்போது அவிழலாம் என்று விறைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் டைஎத்தில் பாஸ்பேட்டை விட்டால் வளையம் தெறித்துத் திறக்கும். ஒரு கார்பனில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கார்பனில் புதிதாக இன்னொரு கை முளைக்கும். சரிகையை நூலிலேயே ஏற்றிவிட்டோம். இனி நெய்ய வேண்டியதுதான்.

சொல்லும்போது எல்லாம் தானாக நடப்பதுபோல இருக்கும். பெராக்சைடு விடுகிற கட்டம் வெப்பத்தைக் கக்கும் கட்டம். 50, 60 டிகிரிக்குள் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட வேண்டும். "கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்" என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். குடுவையிலேயே விளக்கெண்ணெய் இருந்ததால் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒரு சனிக்கிழமை ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சொட்டை ஒழுக்காக்கினேன். வெப்பமானி ஒன்றும் ஆகாததுபோல் இரண்டு நிமிடம் நின்றது. அப்புறம் நான் எண்களைப் படிக்கும் வேகத்தைவிட அது ஏறும் வேகம் கூடிவிட்டது. பனிக்கட்டித் தொட்டியைக் குடுவைக்கு அடியில் தள்ளுவதற்குள் வெள்ளை நுரை குளிர்விப்பான் வழியாகப் பொங்கி, கூரைத் தகட்டில் போய் அடித்தது. காலம் நல்ல காலம், முகக்கவசம் போட்டிருந்தேன். கூரையில் அந்தக் கறை நான் படிப்பை முடித்துக் கிளம்பும்வரை இருந்தது. பஸ் போய்விட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் தயாரான பிறகு ஃபோம் செய்வது அடுத்த மல்லுக்கட்டு. பாஸ்பேட் சேர்க்கும்போது மிச்சம் கொஞ்சம் அமிலத்தன்மை தங்கிவிட்டால், நுரைவதை முடுக்கிவிட வேண்டிய அமீன் வினையூக்கியை அது செயலிழக்கச் செய்துவிடும். கலவையைக் காகிதக் கோப்பையில் ஊற்றினால் பாதி உயரம் எழும்பி, யோசித்து, அப்படியே உட்கார்ந்துவிடும். புளிக்காத மாவில் ஊற்றிய இட்லியைப் பார்த்திருப்பீர்கள், அதே முகம். முதல் ஆறு மாதம் நான் சுட்டதெல்லாம் அந்த இட்லிதான். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கழுவி அமிலத்தை ஒழித்த பிறகுதான் கோப்பையின் விளிம்பைத் தாண்டி ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது.

எரித்துப் பார்க்கும் நாள்தான் திருவிழா. ஒரு சோதனையில் 125 மில்லிமீட்டர் நீளத் துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, 30 சென்டிமீட்டர் கீழே பஞ்சு பரப்பி, அடிப்பக்கத்தில் 10 விநாடி சுடர் காட்டுவார்கள். சுடரை எடுத்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அணைந்ததும் மறுபடி ஒரு 10 விநாடி. பஞ்சு எதற்கு என்று புதிதாக வந்த பையன் கேட்டான். எனக்கு எங்கள் தெருச் சோபாக் கடைதான் ஞாபகம் வந்தது. எரிந்தபடி ஒழுகுகிற துளியைப் பிடித்துக் காட்டத்தான் பஞ்சு. சாதாரண ஃபோம் துண்டு சுடர் பட்ட மறுகணம் மேலேறி எரிந்து பஞ்சையும் சேர்த்துக் கொளுத்தியது. எங்கள் துண்டு பற்றியது, ஓரம் சுருங்கியது, சுருங்கிய இடம் கருத்து, லேசாகப் புடைத்து, தோல் போலக் கெட்டியானது. சுடர் அதைச் சுற்றிச் சுற்றி வழி தேடிவிட்டு ஓய்ந்தது. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

நடந்தது ஆயாவின் திரிக் கரிதான். சூடு ஏறியதும் பாஸ்பேட் உடைந்து பாஸ்பாரிக் அமிலமாகிறது. அந்த அமிலம் சுற்றியிருக்கும் வால்களிலிருந்து நீரைப் பிடுங்குகிறது. நீரை இழந்த கார்பன் ஆவியாகிப் பறக்காமல் கரியாகத் தங்கிவிடுகிறது. பள்ளி ஆய்வகத்தில் சர்க்கரையில் கந்தக அமிலம் விட்டுக் கருப்புத் தூண் எழுப்பிக் காட்டுவார்களே, அதன் தம்பி. வேறொரு சோதனை, துண்டு தொடர்ந்து எரிய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது. காற்றில் இருப்பது 21 சதவீதம். எரிய 21க்கு மேல் கேட்கிற பொருள் வெறும் காற்றில் தடுமாறும். எங்கள் துண்டு முதன்முறையாக அந்த எல்லையைத் தாண்டிய அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் நான் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அதுவும் எண்ணெயில் பொரித்ததுதான்.

இனி, இந்தத் துறையில் இருந்துகொண்டே எனக்குள்ள குடைச்சல். "தாவரத்திலிருந்து வந்தது" என்ற சொற்றொடரைக் கேட்டாலே எனக்குக் காது கொஞ்சம் விடைக்கும். புரோமினேற்றிய தாவர எண்ணெய் என்று ஒன்று உண்டு. நாங்கள் பாஸ்பரஸைக் குடியேற்றுகிற அதே இரட்டைப் பிணைப்பில் புரோமினை ஏற்றியது. இதைத் தீத்தடுப்பானாக அல்ல, எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைக் குளிர்பானங்களில் ஊற்றினார்கள்; வாசனை எண்ணெய் மேலே மிதக்காமல் எடை கூட்டிப் பிடித்துவைக்க. இந்தியாவில் 1990இலேயே தடை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதியை ரத்து செய்தது 2024 ஜூலையில்தான். மூலப்பொருள் சாட்சாத் தாவர எண்ணெய், செடியில் விளைந்தது. அதனால் என்ன ஆயிற்று?

எங்கள் சரக்கும் முழுக்கச் செடியில் காய்த்தது இல்லை. பாஸ்பரஸ் பாறையை வெட்டி எடுத்துத்தான் வருகிறது. உலகின் பாறைப் பாஸ்பேட் இருப்பில் பெரும்பங்கு மொராக்கோவில் கிடக்கிறது. கையைப் பிடிக்க வரும் ஐசோசயனேட் பெட்ரோலிய வழி வந்தது, மூச்சில் ஏறினால் ஆஸ்துமாவைக் கிளப்பும். பாஸ்பேட் கூடக் கூட ஃபோமின் வலு கொஞ்சம் குறைகிறது. ஆகவே விதையிலிருந்து வந்ததா, கிணற்றிலிருந்து வந்ததா என்பதைவிட, நெய்ததா ஒட்டியதா என்ற கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். பெட்ரோலியத்திலிருந்து வந்து வலையோடு பின்னிக் கிடப்பது, செடியிலிருந்து வந்து வெறுமனே கலந்து நிற்பதைவிட எனக்குப் பத்திரம். விளக்கெண்ணெயின் பெருமை அது பச்சை என்பதில் இல்லை. பின்னிக்கொள்ளக் கையோடு பிறந்திருக்கிறது, அதில்தான். கருத்தரங்குகளில் இதைச் சொன்னால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், பாதிப் பேர் அடுத்த படத்துக்குப் போகச் சொல்வார்கள்.

இதைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஸ்பெயினின் தாராகோனாவில் ரோவிரா இ விர்ஜிலி பல்கலைக்கழகத்துக் குழு விளக்கெண்ணெயை உயர்வெப்பத்தில் உடைத்துக் கிடைக்கும் அமிலத்திலிருந்து பாஸ்பரஸ், சிலிக்கான் ஏற்றிய பிசின்களை 2000களின் நடுவிலேயே செய்தது. எனக்குப் பிடித்த கதை இங்கே பக்கத்தில், முந்திரியில் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டில் ஊறியிருக்கும் கருப்பெண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். அது படாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், அல்லது, கேளுங்கள், விளக்கெண்ணெயைத் தடவிக்கொள்வார்கள். அந்த ஓட்டெண்ணெயைச் சூடாக்கிப் பிரித்தால் கார்டனால் கிடைக்கும். அதற்கு ஒரு பக்கம் நீண்ட வால், மறுபக்கம் பீனால் வளையம். வளையம் உள்ள பொருள் இயல்பிலேயே கரியாகத்தான் பார்க்கும், ஆவியாகப் பறக்காது. வண்டிகளின் பிரேக் லைனிங்கில் அந்த எண்ணெயின் பிசினைச் சேர்ப்பது அது சூட்டைத் தாங்குவதால்தான். திருவனந்தபுரத்தில் இருந்த வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் சி.கே.எஸ். பிள்ளையும் அவரது குழுவினரும் கார்டனாலில் பாஸ்பரஸை ஏற்றித் தீத்தடுப்பு முன்பிசின் (பிசினாக இறுகுவதற்கு முந்தைய நிலைப் பொருள்) செய்ததை 1990இல் எழுதினார்கள். ஒரு குழுவாவது அதற்கு முப்பது வருஷத்துக்குப் பிறகு அதையே புதுமை என்று எழுதியதை நான் படித்திருக்கிறேன். எங்கள் குழுவிலும் ஒரு கட்டுரையில் அந்த மேற்கோள் விட்டுப்போயிருந்தது, பிறகு சேர்த்தோம்.

விலைக்கு வருவோம். ஆமணக்கில் உலகுக்கே முதலிடம் இந்தியாதான், ஆனால் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது. எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீரிய ஒட்டு ரகம் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் ஊரில் ஆமணக்கு வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கவில்லை. "இதற்கு ஆள் வைத்துப் பறித்துக் காயவைத்தால் கூலிக்கே சரியாகிவிடும்" என்பார் சித்தப்பா. விளக்குக்குக்கூட இப்போது கடையில் பாக்கெட் தீப எண்ணெய்தான் வாங்குகிறார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் பெரியப்பா சித்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். பையில் நான் வைத்திருந்த ஃபோம் கட்டியைக் காட்டச் சொன்னார். சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வாசலில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். ஓரம் கருத்து அணைந்தது. இரண்டாவது குச்சி, மூன்றாவது குச்சி. ஐந்தாவதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "குச்சிக்கு அணையும். அடுப்புக்கு?" என்று கேட்டவர், நான் தடுப்பதற்குள் அதைத் தூக்கி வெந்நீர் அடுப்புக்குள் போட்டுவிட்டார். புகையைச் சுவாசிக்க வேண்டாம் என்று எல்லோரையும் காற்றுக்கு மேற்பக்கம் தள்ளி நிறுத்தினேன். கட்டி நன்றாகவே எரிந்தது. புளிய விறகின் தணலில் எது எரியாது?

"எரிகிறதே கண்ணு" என்றார் பெரியப்பா, வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

"எரியும் பெரியப்பா. கொஞ்சம் தாமதமாக எரியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆள் வெளியே ஓடிவிடலாம்."

சித்தப்பா இடுக்கியால் அதை வெளியே இழுத்துப் போட்டார். மண்ணில் கிடந்து ஒரு நிமிடம் புகைந்தது. கருப்பாக, வெடிப்பு விழுந்து, சுட்ட கத்திரிக்காய் மாதிரி இருந்தது. சூடு ஆறியதும் பெரியப்பா உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்துவந்து குந்தி உட்கார்ந்து அதைக் குறுக்கே அரிந்தார். விரல் கனத்துக்குக் கரி. அதற்கு உள்ளே, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு, மஞ்சள் ஃபோம் அப்படியே இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"காய் அரிகிற மனையில் என்னத்தை வைத்து அரிகிறீர்கள் மாமா?" என்று உள்ளேயிருந்து சித்தி சத்தம் போட்டார்.